எதை வைத்து வலது, எதை வைத்துக் கூடுதல்? உடற்கூறியலின் அடிப்படைச் சொற்கள்

"நரம்பே கிடைக்க மாட்டேங்குது" என்று வார்டில் நர்ஸ் சொல்வதைக் கேட்டிருப்போம். குளுக்கோஸ் ஏற்றுவதற்காக முழங்கை மடிப்பில் அவர் தேடுவது சிரையை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயை. அவர் முதலாண்டில் படித்த பாடத்தில் நரம்பு என்பது வேறு பொருள். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் செய்தி கொண்டுபோய்க் கொண்டுவரும் இழைக்கற்றை அது. ஊசி முனை தவறி அதில் பட்டால் ஷாக் அடித்த மாதிரி வலி விரல் நுனி வரை ஓடும். பேச்சுத் தமிழில் 'நரம்பு ஊசி' சிரையில் போடுவது, 'சதை ஊசி' தசையில் போடுவது, 'நரம்பு சுருட்டல்' காலில் சிரை புடைத்து நெளிவது. மக்கள் சொல்வதில் பிழையில்லை, அவர்கள் மொழி அது. ஆனால் "நரம்பில் பிரச்சினை" என்று சொல்லும் நோயாளிக்கு ரத்தக்குழாய் மருத்துவரைக் காட்டுவதா, நரம்பியல் மருத்துவரைக் காட்டுவதா என்பது அந்த ஒரு சொல்லை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதில் இருக்கிறது.

கடல் தாண்டினால் குழப்பம் இன்னும் கூடும். தமிழகப் பாடநூலில் தமனி, சிரை. இலங்கைப் பாடநூலில் நாடி, நாளம். இங்கே நாடி என்றால் கையைப் பிடித்துப் பார்க்கும் துடிப்பு. நாளம் என்றால் சுரப்பியின் குழாய், 'நாளமில்லாச் சுரப்பி' என்று படித்தது ஞாபகம் இருக்கும். இங்கே செல், திசு. அங்கே கலம், இழையம். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், உடற்கூறியலை 'அங்காதிபாதம்' என்றும் உடலியங்கியலை 'சுகரணம்' என்றும் எழுதினார். இன்று அந்தச் சொற்கள் வழக்கில் இல்லை என்றாலும், அப்படி ஒரு முயற்சி அவ்வளவு முன்பே நடந்ததை மருத்துவம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

உடற்கூறியல் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும். உடலியங்கியல் அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும். இரண்டிலும் வரும் கலைச்சொற்களை மனப்பாடம் செய்தே பலர் களைத்துப்போகிறார்கள். அவ்வளவு சிரமம் வேண்டாம். ஒவ்வொரு சொல்லிடமும் "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேட்டுப் பழகினால் போதும். வலது என்றால் யாருடைய வலது? மேல் என்றால் எதற்கு மேல்? கூடுதல் என்றால் எதைவிடக் கூடுதல்? வேலையில் நடக்கும் தவறுகளில் பல இந்தக் கேள்வியைக் கேட்க மறந்த இடத்தில் நடக்கின்றன.

உடற்கூறியலில் எல்லா அளவுக்கும் ஆதாரம் ஒரு நிலை. ஆள் நிமிர்ந்து நிற்கிறார். முகம் முன்னே பார்க்கிறது. பாதங்கள் முன்னே நீண்டிருக்கின்றன. கைகள் இருபக்கமும் தொங்க, உள்ளங்கை முன்னோக்கித் திரும்பியிருக்கிறது. நோயாளி குப்புறப் படுத்திருந்தாலும், ஆபரேஷன் மேசையில் ஒருக்களித்துக் கிடந்தாலும், குறிப்பு எழுதும்போது அவர் இப்படி நிற்பதாக வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். படுத்திருப்பவரின் தலை, கட்டிலில் எங்கே இருந்தாலும், மார்புக்கு 'மேல்'தான்.

உள்ளங்கை ஏன் முன்னோக்க வேண்டும்? சாதாரணமாக யாரும் அப்படி நிற்பதில்லையே. இதை உங்கள் கையிலேயே பார்க்கலாம். முழங்கையை மேசையில் ஊன்றி, உள்ளங்கையை முகத்தைப் பார்க்கத் திருப்புங்கள். முழங்கை முனையில் தட்டுப்படும் எலும்பிலிருந்து சுண்டுவிரல் பக்கமாக மணிக்கட்டு வரை தடவிக்கொண்டே போனால் கையில் படுவது அல்னா. கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ். இப்போது இரண்டும் தண்டவாளம் போலப் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அப்படியே உள்ளங்கையை மறுபக்கம் திருப்புங்கள். அல்னா ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும். ரேடியஸ் அதன் மேல் குறுக்கே விழுந்து, இரண்டும் பெருக்கல் குறி போலாகிவிடும். கட்டைவிரல் வெளிப்பக்கம் இருந்தது, உள்பக்கம் வந்துவிட்டது. 'முன்கையின் வெளிப்பக்கத்தில் காயம்' என்று எழுதினால், கை எந்த நிலையில் இருந்ததோ அதற்கேற்ப எலும்பே மாறிப்போகும் என்றால் அந்தக் குறிப்பால் என்ன பயன்? அதற்காகத்தான் உள்ளங்கை முன்னே. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் நாடி பார்க்கும் தமனிக்கு ரேடியல் தமனி என்ற பெயரும் அந்த எலும்பை ஒட்டி வந்ததுதான்.

இந்த நிலையை வைத்துத்தான் திசைச் சொற்கள் பிறக்கின்றன. உடலை நெட்டுக்கு இரண்டாகப் பிரிக்கும் நடுக்கோட்டை நோக்கி இருப்பது மீடியல், விலகி இருப்பது லேட்டரல். மீடியல் என்பதை 'உள்ளே' என்று படித்துவிடக் கூடாது. மூக்கு கண்ணுக்கு மீடியல், ஆனால் முகத்துக்கு வெளியேதான் இருக்கிறது. உள்ளே, வெளியே என்பதற்கு ஆழம், மேற்பரப்பு என்று தனிச் சொற்கள் உண்டு. கை கால்களுக்கு அண்மை, சேய்மை. உடலோடு இணையும் இடத்துக்குக் கிட்டத்தில் இருந்தால் அண்மை. முழங்கை மணிக்கட்டுக்கு அண்மை, தோளுக்குச் சேய்மை. எலும்பு முறிவுக் குறிப்பில் 'ரேடியஸின் சேய்மை முனை' என்றிருந்தால் மணிக்கட்டுப் பக்கம் என்று அர்த்தம். கீழே விழும்போது கையை ஊன்றுகிறவர்களுக்கு அடிக்கடி முறிவது அந்த இடம்தான்.

நம் பேச்சில் கை என்றால் தோள் முதல் விரல் நுனி வரை. கால் என்றால் தொடை முதல் பாதம் வரை. மருத்துவக் குறிப்பில் மேற்கை, முன்கை, கை தனித்தனி. தொடை, கீழ்க்கால், பாதம் தனித்தனி. வயிறும் அப்படியே. சோறு போய்ச் சேருவது இரைப்பை. மார்புக்கூட்டுக்குக் கீழிருந்து இடுப்புக்கூடு வரை உள்ள முழுப் பகுதி வயிறு. "வயித்துல புண்" என்பவருக்குப் புண் இரைப்பையிலா, சிறுகுடலின் முதல் பகுதியிலா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இடம் வலத்துக்கு வருவோம். விதி ஒரே வரி: எப்போதும் நோயாளியின் வலது, நோயாளியின் இடது. மார்பு எக்ஸ்ரேயை நோயாளி நம்மை எதிர்கொண்டு நிற்பது போல வைத்துப் பார்க்கிறோம். அதனால் அவருடைய இடப்பக்கம் இருக்கும் இதயத்தின் கூர்முனை, படத்தில் நம் வலப்பக்கம் தெரியும். குறுக்குவெட்டு சி.டி. படத்தைப் பாதத்தின் பக்கம் நின்று மேலே பார்ப்பது போல அச்சிடுகிறார்கள். அங்கேயும் கல்லீரல் நம் இடக்கைப் பக்கம் வரும். படத்தைத் திருப்பி மாட்டிவிட்டால்? ஓரத்தில் 'ஆர்' அல்லது 'எல்' என்ற குறி இருக்கிறதா, அது நேராகப் படிக்கும்படி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையாகிய உதரவிதானத்துக்குக் கீழே இரைப்பைக் காற்று கருப்பாகத் தெரியும் பக்கம் இடதுதானா என்று பார்க்க வேண்டும். இதயம் வலப்பக்கம் இருப்பதாகத் தெரிந்தால் உடனே படம் திரும்பிவிட்டது என்று முடிவுகட்டவும் கூடாது. உள்ளுறுப்புகள் எல்லாமே இடம்வலம் மாறிப் பிறக்கிறவர்கள் அபூர்வமாக இருக்கிறார்கள். குறி ஒன்றே சாட்சி. தவறான பக்கத்து உறுப்பில் கத்தி படுவது நடக்கவே நடக்காது என்று நினைக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட 19 அம்ச அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், ஆபரேஷன் செய்யும் இடத்தில் குறியிட்டாயிற்றா என்பது மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வியாக இருப்பது அதனால்தான்.

தமனி, சிரை என்ற சொற்களுக்கு ஆதாரம் இதயம். இதயத்திலிருந்து வெளியே போவது தமனி, இதயத்துக்கு வருவது சிரை. பள்ளியில் 'சுத்த ரத்தம், அசுத்த ரத்தம்' என்று சொல்லிக் கொடுத்ததில்தான் வினையே. நுரையீரல் தமனி ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தைக் கொண்டுபோகிறது. இதயத்தை விட்டுப் போவதால் அது தமனி. தொப்புள்கொடியில் ஆக்சிஜன் நிறைந்த ரத்தத்தைக் கொண்டுவரும் குழாய்க்குச் சிரை என்று பெயர். தாயின் இதயத்தை வைத்து யோசித்தால் இது பிடிபடாது, கருவிலிருக்கும் குழந்தையின் இதயத்தை வைத்து யோசித்தால் சரியாக வரும்.

உடலின் அறைகளைப் பற்றிப் பாடநூலில் படம் போட்டு மார்பறை, வயிற்றறை என்று பிரித்திருப்பார்கள். அந்தப் படத்தில் ஒரு நேர்கோடு போல வரையப்படும் உதரவிதானம் உண்மையில் கவிழ்த்த கிண்ணம். மூச்சை முழுக்க வெளியே விடும்போது அதன் உச்சி கிட்டத்தட்ட ஆணின் முலைக்காம்பு மட்டம் வரை ஏறிவிடும். அப்படியானால் அந்த மட்டத்துக்குக் கீழே விழுந்த கத்திக்குத்து, வெளியிலிருந்து பார்க்க மார்புக் காயம். உள்ளே கிழிந்திருப்பது கல்லீரலாகவோ மண்ணீரலாகவோ இருக்கலாம். விலா எலும்பின் மேல் இருக்கிறது, நுரையீரலை மட்டும் பார்த்தால் போதும் என்று விட்டால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும்.

வயிற்றைத் தொப்புள் வழியாக நெட்டுக்கும் குறுக்குக்கும் கோடு போட்டு நான்காகப் பிரிப்பது வழக்கம். வலது கீழ்க் கால்பகுதி என்றதும் குடல்வால் நினைவுக்கு வரும். இடுப்பெலும்பின் முன்னே கையில் தட்டுப்படும் முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு இழுத்தால், முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருப்பது மெக்பர்னி புள்ளி. 1889இல் சார்லஸ் மெக்பர்னி விவரித்தது. ஆனால் குடல்வால் அழற்சியில் வலி பெரும்பாலும் அங்கே தொடங்குவதில்லை, தொப்புளைச் சுற்றித்தான் தொடங்கும். குடல்வாலிலிருந்து புறப்படும் வலி இழைகள் தண்டுவடத்தில் பத்தாவது மார்பு மட்டத்தில் நுழைகின்றன. தொப்புளைச் சுற்றிய தோலுக்கும் அதே மட்டம். எந்த வீட்டிலிருந்து அழைப்பு வருகிறது என்று மூளைக்குத் தெரிவதில்லை, எந்தத் தெரு என்றுதான் தெரிகிறது. சில மணி நேரம் கழித்து வீக்கம் வயிற்றுச் சுவரின் உட்புறச் சவ்வைத் தொட்டதும், தோலைப் போல அந்த இடத்துக்கே உரிய நரம்புகள் வேலையைத் தொடங்குகின்றன. வலி வலது கீழே இறங்கிக் குத்த ஆரம்பிக்கிறது. "காலையில் தொப்புளில் வலித்தது, இப்போது இடம் மாறிவிட்டது" என்று ஒருவர் சொன்னால் வாயுப்பிடிப்பு என்று தள்ளிவிடக் கூடாது.

சொல்லின் எல்லை தெரியாமல் நடக்கும் கேடு ஒன்றைக் கிட்டத்தில் பார்க்கலாம். பிட்டத்தில் ஊசி போடும்போது 'மேல் வெளிக் கால்பகுதி' என்பது விதி. உடம்பின் தடிமனான நரம்பாகிய சயாட்டிக் நரம்பு, பிட்டத்தின் கீழ்ப் பாதியில் நடுப்பக்கமாக இறங்குகிறது. அதிலிருந்து தள்ளிப்போகத்தான் மேலே, வெளியே. ஆனால் எதை நான்காகப் பிரிப்பது? உட்காரும்போது அழுந்தும் சதைப்பற்றை மட்டும் பிட்டம் என்று எடுத்துக்கொண்டு நான்காகப் பிரித்தால், அதன் மேல் வெளி மூலைகூட நரம்புக்கு ஆபத்தான தூரத்தில் வந்துவிடலாம். உடற்கூறியலில் பிட்டப்பகுதி இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலிருந்து கீழே பிட்ட மடிப்பு வரை. பெல்ட் கட்டும் இடத்துக்குக் கிட்டேயே அது தொடங்கிவிடுகிறது. ஆடையைக் கொஞ்சமாக இறக்கி, கண்ணுக்குத் தெரிகிற சதையில் குத்துவதுதான் தப்பு. நரம்பில் மருந்து இறங்கினால் பாதத்தை மேலே தூக்க முடியாமல் தொங்கிவிடும். சிலருக்கு அது திரும்புவதே இல்லை. மெலிந்த குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

இதைவிடப் பாதுகாப்பான இடம் பிட்டத்தின் பக்கவாட்டு. நோயாளியின் வலது இடுப்பில் போட இடது கையும், இடது இடுப்பில் போட வலது கையும் வைக்க வேண்டும். உள்ளங்கை தொடை எலும்பின் மேல்புடைப்பில் பட, ஆள்காட்டி விரல் இடுப்பெலும்பின் முன்முனையைத் தொட, நடுவிரலை இடுப்பெலும்பின் விளிம்பை ஒட்டிப் பின்னோக்கி விரிக்க வேண்டும். இரண்டு விரல்களுக்கு நடுவே கிடைக்கும் முக்கோணத்தில் பெரிய நரம்போ ரத்தக்குழாயோ இல்லை. தோள்பட்டைத் தசை என்றால், தோளின் எலும்பு முனையிலிருந்து 2 அல்லது 3 விரல் கீழே. அதற்கு மேலே போனால் மருந்து மூட்டுப் பையில் இறங்கலாம். கீழே போனால் மேற்கை எலும்பைச் சுற்றி வரும் ரேடியல் நரம்பு இருக்கிறது.

உறுப்பு மண்டலங்கள் 11, பெரியவர்களின் எலும்புகள் 206, திசு வகைகள் 4 என்ற கணக்கெல்லாம் எந்தப் பாடநூலிலும் கிடைக்கும். உடலியங்கியலுக்குப் போவோம்.

அங்கே ஆதாரம் ஒரு நிலையல்ல, ஓர் அளவு. உடம்புக்குள் செல்களைச் சூழ்ந்திருக்கும் நீர்மம்தான் அவற்றின் உண்மையான சூழல், அது மாறாமல் இருப்பதே உயிர்வாழ்வின் அடிப்படை என்று 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார்ட் எடுத்துச் சொன்னார். அதற்கு 1926இல் ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயர் வைத்தவர் அமெரிக்கரான வால்டர் கேனன். நாம் தன்னிலை காத்தல் என்கிறோம், இலங்கையில் ஒருசீர்த்திடநிலை. வெப்பம், சர்க்கரை, உப்பு, அமிலத்தன்மை ஒவ்வொன்றுக்கும் உடல் ஓர் இலக்கு வைத்திருக்கிறது. விலகினால் திருப்பி இழுக்கிறது. விலகலுக்கு எதிர்த்திசையில் இழுப்பதால் அதற்கு எதிர்மறைப் பின்னூட்டம் என்று பெயர். 'எதிர்மறை' என்றதும் கெட்டது என்று நினைக்க வேண்டாம், உடலைக் காப்பது அதுதான். நேர்மறைப் பின்னூட்டம் விலகலை மேலும் தள்ளும். பிரசவ வலி ஏற ஏற ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கூடுவதும், அது வலியை மேலும் கூட்டுவதும் அந்த வகை. குழந்தை பிறந்ததும் நிற்கிறது. நிறுத்த ஒரு முடிவு இல்லாத நேர்மறைச் சுழல் ஆபத்து.

இலக்கு எங்கே இருக்கிறது என்று தெரிவதால் என்ன லாபம்? காய்ச்சலையும் வெயில்தாக்கையும் ஒப்பிட்டால் தெரியும். இரண்டிலும் தெர்மாமீட்டர் 40 டிகிரி செல்சியஸ் காட்டலாம். காய்ச்சலில், கிருமியோடு நடக்கும் போரில் உருவாகும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள், மூளையின் ஹைப்போதலாமஸில் இலக்கையே 37இலிருந்து மேலே ஏற்றிவிடுகிறது. உடம்பு 38இல் இருந்தாலும் இலக்கு 40 என்றால் மூளைக்கு அது 'குளிர்'. அதனால்தான் உடம்பு அனலாகக் கொதிக்கும்போதே நடுக்கம், போர்வை கேட்பது எல்லாம். பாராசிட்டமால் புரோஸ்டாகிளாண்டினைக் குறைத்து இலக்கைக் கீழே இறக்குகிறது. வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விடுகிறது. வெயில்தாக்கில் இலக்கு 37இலேயே இருக்கிறது. வெப்பத்தை வெளியேற்றும் வழிதான் தோற்றுவிட்டது. இறக்குவதற்கு இலக்கு இல்லாத இடத்தில் பாராசிட்டமால் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது, கல்லீரலுக்குச் சுமை. அக்னி நட்சத்திர வெயிலில் மயங்கிய ஆளை நிழலுக்குக் கொண்டுபோய், ஆடையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே, கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் வைத்து, 108ஐ அழைக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். 1 லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆவியாக வேண்டும் என்பதுதான் நிபந்தனை. சென்னைப் புழுக்கத்தில் சொட்டி விழும் வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை.

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் தடித்த எழுத்தில் வரும் 'கூடுதல்', 'குறைவு' எதை வைத்து? ஆரோக்கியமானவர்கள் பலரை அளந்து, நடுவிலுள்ள 95 சதவீதத்தினரின் அளவை இயல்பு வரம்பு என்று வைப்பது பொதுவான முறை. அப்படியென்றால் நோயே இல்லாதவர்களிலும் 20 பேரில் ஒருவர் வரம்புக்கு வெளியே இருப்பார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை ஒரே ஆளுக்குச் செய்தால், எல்லாமே வரம்புக்குள் வருவதற்கான வாய்ப்பு 36 சதவீதம்தான். முழு உடல் பரிசோதனை செய்துகொண்டு, தடித்த எழுத்து ஒன்றைப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைக்கிறவர்கள் இதை அறிய வேண்டும். வரம்பு ஆளுக்கேற்பவும் மாறும். ஹீமோகுளோபின் 11.5 கிராம் என்றால் ஆணுக்கு ரத்தசோகை, கர்ப்பிணிக்கு அது இல்லை. உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை ஆணுக்கு 13, கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12, கர்ப்பிணிக்கு 11 (கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களில் மட்டும் 10.5).

கடைசியாக நீரும் உப்பும். 70 கிலோ எடையுள்ள ஆணின் உடம்பில் சுமார் 42 லிட்டர் தண்ணீர். 28 லிட்டர் செல்களுக்குள்ளே, 14 லிட்டர் வெளியே. வெளியே இருப்பதில் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா 3 முதல் 3.5 லிட்டர்தான். உள்ளுக்கும் வெளிக்கும் நடுவிலுள்ள சவ்வைத் தாண்டித் தண்ணீர் எப்போதும் கரைபொருள் அடர்ந்த பக்கம் போகும். சலைன் பாட்டிலில் 1 லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருப்பது, சிவப்பணு சுருங்காமலும் வீங்காமலும் இருக்கத்தான். வெறும் தண்ணீரைச் சிரையில் ஏற்றினால் சிவப்பணுக்கள் நீரை இழுத்து வீங்கி வெடிக்கும்.

இந்த விதியை அடுக்களைக்குக் கொண்டுவந்தது, பேதிக்குக் குடிக்கக் கொடுக்கும் உப்பு-குளுக்கோஸ் கரைசலான ஓ.ஆர்.எஸ். சிறுகுடலின் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே எடுக்கும் ஒரு கடத்தி இருக்கிறது. இரண்டும் உள்ளே போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். காலரா இந்தக் கடத்தியைக் கெடுப்பதில்லை. 1971இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த மேற்கு வங்கத்தின் பன்கானில், சலைன் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மஹலநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். முகாம்களில் 30 சதவீதம் அளவுக்கு இருந்த இறப்பு, அவருடைய பராமரிப்பில் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

இன்றைய பாக்கெட்டில் 1 லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சாப்பாட்டு உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். கரைத்தால் கரைபொருள் அடர்த்தி 245 மில்லிஆஸ்மோல், ரத்தத்தின் 290ஐவிடக் கொஞ்சம் குறைவு, அதனால் தண்ணீர் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகும். 1 லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் குழந்தைக்குக் கொடுத்தால் அடர்த்தி ஐந்து மடங்கு. அப்போது தண்ணீர் ரத்தத்திலிருந்து குடலுக்குப் போகும். பேதி கூடும், ரத்தத்தில் உப்பு ஏறும், வலிப்பு வரலாம். பாக்கெட்டில் பாதியை மட்டும் போட்டு அரை லிட்டரில் கரைப்பதும் சரியில்லை, தூள் சீராகக் கலந்திருக்காது. முதலில் பாக்கெட்டில் 1 லிட்டருக்கா, 200 மில்லிக்கா என்று படியுங்கள். அந்த அளவு கொதித்து ஆறிய தண்ணீரை அளந்து எடுத்து, முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். சர்க்கரையோ ஜூஸோ சேர்க்க வேண்டாம். குழந்தை வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். கரைத்து 24 மணி நேரம் ஆனதும் மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.